கம்ப்ரஷனைக் கூட்டுவதா, டர்போ பூட்டுவதா, ஹாஃப்கட் எஞ்சின் ஏற்றுவதா?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு பட்டறைக்குப் போய், "காடியில் இழுவை பத்தல" என்று சொன்னால் மூன்று யோசனைகள் வரும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, பிஸ்டன் மாற்றி கம்ப்ரஷனை ஏற்றலாம். இருக்கிற எஞ்சினுக்கே டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் கருவி) கிட் பூட்டலாம். ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட்டில் (பழைய காடியை வெட்டி எஞ்சினோடு இறக்குமதி செய்யும் பாதி) டர்போ எஞ்சின் எடுத்து மாற்றிவிடலாம். நான்காவது ஒன்றும் உண்டு, அதைப் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள்: காடியை விற்றுவிட்டு, தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த ஒன்றை வாங்குவது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தினமும் வேலைக்குப் போகிற காடி, பம்பில் கிடைக்கிற பெட்ரோல் என்றால் ஹாஃப்கட்தான் பெரும்பாலோருக்குச் சரிப்படும். டர்போ கிட் குறைந்த பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்), நல்ல எஞ்சினில் மட்டும். கம்ப்ரஷன் ஏற்றுவது, ஓவர்ஹாலுக்காக எஞ்சின் எப்படியும் திறந்து கிடந்தால் மட்டும். ஏன் இந்த வரிசை என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

44 சிசிக்குள் என்ன இருக்கிறது

பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டரில் உள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்து நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது கம்ப்ரஷன் விகிதம். புரோட்டோன் கேம்ப்ரோ 1.6 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டரின் விட்டம்) 76 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88 மி.மீ., ஒரு சிலிண்டருக்கு 399.2 சிசி. விகிதம் 10. அப்படியானால் உச்சியில் மிஞ்சும் இடம் 399.2-ஐ 9-ஆல் வகுத்து 44.4 சிசி. ஹெட்டில் உள்ள குழி, ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டின் தடிமன், பிஸ்டன் தலையிலுள்ள பள்ளம் எல்லாம் இந்த 44 சிசிக்குள் அடக்கம். விகிதம் 11 ஆக வேண்டுமானால் அதை 39.9 சிசிக்கு இறக்க வேண்டும்.

கம்ப்ரஷன் கேஜில் போர்மேன் பார்த்துச் சொல்கிற பிஎஸ்ஐ இதுவல்ல. அது ரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கின்றன என்பதன் அளவு. விகிதம் மாறாமலேயே, பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டு இன்டேக் வால்வு தாமதமாக மூடினால் கேஜ் குறைத்துக் காட்டும். பிஸ்டன் தலையில் கரி படிந்திருந்தால் கூட்டிக் காட்டும். "180 பிஎஸ்ஐ இருக்கு, அப்படின்னா விகிதம் 12" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

சரி, 10-ஐ 11 ஆக்கினால் என்ன கிடைக்கும்? பாடநூல் ஆட்டோ சுழற்சிக் கணக்கில் வெப்பத் திறன் 60.2 சதவீதத்திலிருந்து 61.7-க்குப் போகிறது. அதாவது இருந்ததைவிட 2.5 சதவீதம் கூடுதல். 110 குதிரைத் திறன் எஞ்சினுக்கு ஏறத்தாழ மூன்று குதிரை. விகிதத்தை 12 வரை கொண்டுபோனாலும் 4.6 சதவீதம்தான்.

பூஸ்ட் வேறு வழியில் வேலை செய்கிறது. அது காற்றையே கூடுதலாக உள்ளே தள்ளுகிறது. 0.5 பார் பூஸ்ட் என்றால் எஞ்சின் சுவாசிக்கும் அழுத்தம் ஒன்றரை மடங்கு. ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். 35 டிகிரி காற்றை 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் 0.5 பார் ஏற்றினால் வெளியே வருவது ஏறத்தாழ 89 டிகிரி. 1 பார் ஏற்றினால் 131 டிகிரி. இன்டர்கூலர் இல்லாமல் விட்டால் 0.5 பாரில் கிடைக்கும் காற்று நிறை 28 சதவீதம்தான் கூடும். சூட்டில் 70 சதவீதத்தை இறக்கும் இன்டர்கூலர் இருந்தால் காற்று 51 டிகிரிக்கு வரும், நிறை 42 சதவீதம் கூடும். குறைந்த பூஸ்டுக்கு இன்டர்கூலர் வேண்டாம் என்று செலவைக் குறைக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் கைவிடுகிறார்கள். அதோடு 38 டிகிரி கூடுதல் சூட்டையும் சிலிண்டருக்குள் அனுப்புகிறார்கள்.

இரண்டும் செலவாவது ஒரே சட்டைப்பையிலிருந்து

நாக் என்பது, தீப்பொறி கொளுத்திய சுவாலை சிலிண்டரின் ஓரத்தை எட்டுவதற்குள் அங்கே மிஞ்சியிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிப்பது. சூடு, அழுத்தம், அவகாசம் மூன்றும் சேர்ந்தால் வரும். பெட்ரோலின் ஆக்டேன் எண் எவ்வளவு தாங்கும் என்பதுதான் நம்மிடம் இருக்கும் கையிருப்பு. விகிதத்தைக் கூட்டினாலும் அதில்தான் செலவு, பூஸ்டைக் கூட்டினாலும் அதில்தான் செலவு. இரண்டையும் ஒருசேரக் கூட்ட நினைப்பவர் ரோன்95 (ஆக்டேன் எண் 95 உள்ள பெட்ரோல்) ஊற்றிக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கைக்கணக்கு உண்டு. வளிமண்டலத்தையும் பூஸ்டையும் கூட்டி வரும் அழுத்த விகிதத்தின் வர்க்கமூலத்தைக் கம்ப்ரஷன் விகிதத்தால் பெருக்க வேண்டும். கேம்ப்ரோ 10, பூஸ்ட் 0.5 பார்: 12.2. அதே 10-இல் 0.8 பார் ஏற்றினால் 13.4. டர்போவுக்கென்றே செய்த 8.5 விகித எஞ்சினில் 0.8 பார்: 11.4. புதிய மைவி 1.5 போல 11.5 விகிதமுள்ள எஞ்சினில் 0.4 பார் மட்டும் வைத்தாலும் 13.6. போர்ட் இன்ஜெக்‌ஷன் (சிலிண்டருக்கு வெளியே பெட்ரோலைப் பீய்ச்சுவது), பம்ப் பெட்ரோல், நம் ஊர் சூடு மூன்றும் சேரும்போது 12-ஐ நன்றாகத் தாண்டினால் இக்னிஷன் டைமிங்கைப் (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துத்தான் பிழைக்க முடியும். டைமிங்கை இழுத்தால் பூஸ்டில் வந்த திறன் எக்ஸாஸ்டில் சூடாகப் போய்விடும்.

இந்தக் கணக்கு எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. ஹோண்டா சிவிக்கின் 1.5 டர்போ 10.6 விகிதத்தில் 1 பாருக்கு மேல் பூஸ்ட் எடுக்கிறது. கைக்கணக்குப்படி அது என்றைக்கோ உடைந்திருக்க வேண்டும். அதில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டு, ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்குள் சோடியம் நிரப்பியிருக்கிறது. நாக் சென்சாரைக் கேட்டுக் கேட்டு டைமிங்கை மாற்றும் கணினியும் இருக்கிறது. "சிவிக்கே 10.6-இல் டர்போ ஓட்டுது, என் புரோட்டோன் வாஜா ஓட்டாதா?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

புரோட்டோனே இந்தக் கேள்விக்குச் செய்து காட்டிய பதில் அதைவிடப் பயனுள்ளது. கேம்ப்ரோவை டர்போவாக்கி சிஎஃப்இ என்று எக்ஸோரா போல்டிலும் பிறகு ப்ரேவேயிலும் வைத்தபோது, ஸ்ட்ரோக்கை 88-லிருந்து 86 மி.மீ. ஆக்கி 1561 சிசிக்கு இறக்கினார்கள். விகிதத்தை 10-லிருந்து 8.9-க்குக் கொண்டுவந்தார்கள். அந்த எஞ்சினை உருவாக்கியவர்களே பழைய பிஸ்டனை வைத்து ஓட்டத் துணியவில்லை. 138 குதிரை, 2000 சுற்றிலிருந்தே 205 நியூட்டன் மீட்டர் என்பது அதில் கிடைத்தது.

கம்ப்ரஷன் ஏற்றுவது

ஹெட்டைச் சீவுவதுதான் மலிவு வழி என்பதால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். 44.4-லிருந்து 39.9-க்கு இறங்க ஏறத்தாழ 4.4 சிசி குறைய வேண்டும் என்று பார்த்தோம். ஹெட்டின் குழி வாய்ப்பக்கத்தில் போரைவிடச் சிறியது. ஆகவே 0.1 மி.மீ. சீவினால் 0.45 சிசிக்கும் குறைவாகத்தான் போகும். 0.3 மி.மீ. சீவினால் 1.2 சிசி அளவு. விகிதம் 10.2 ஆகும். அவ்வளவுதான். சீவியே 11 ஆக்க வேண்டுமானால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதற்குள் வால்வு பிஸ்டனை நெருங்கிவிடும், கேம் கிராங்குக்குக் கிட்டே வந்து வால்வு டைமிங் பின்தங்கும். உண்மையில் 11 வேண்டுமென்றால் தலை மேடான பிஸ்டன் போட வேண்டும். போரிங், புது ரிங், பேலன்ஸிங் என்று செலவு அங்கேயே டர்போ கிட்டின் விலையை எட்டிவிடும்.

செய்வதென்றே முடிவானால் களிமண் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை வைத்து பழைய கேஸ்கெட்டோடு முறுக்கி, பெல்ட் மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பிறகு திறந்து களிமண்ணின் மெலிந்த இடத்தை அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. பெரிய கேமும் சேர்த்துப் போடுகிறவர்கள் இதைச் செய்யாமல் ஓட்டினால், வளைந்த வால்வோடு திரும்பி வருவார்கள். கேம் புல்லியும் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பின்தங்கிய டைமிங்கை அதில்தான் மீட்க முடியும்.

இந்த வழியில் பெருமைப்பட ஒன்று உண்டு. மிதித்த உடனே எஞ்சின் பதில் சொல்லும், பானெட்டுக்கு அடியில் சூடு கூடாது, உடையக்கூடிய புதுப் பாகம் எதுவும் சேராது. செப்பாங் பந்தயத் தளத்தில் சுற்று சுற்றாக ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். ஜாலான் டூத்தா ஜாமில் நிற்கிறவருக்கு மூன்று குதிரையும் ரோன்97 செலவும்தான் மிச்சம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 1500 லிட்டர். ரோன்95-க்கும் 97-க்கும் இடைவெளி எத்தனை காசோ அதை 1500-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 காசு என்றாலே 750 வெள்ளி, அதுவும் ஒவ்வோர் ஆண்டும். 97-இன் விலை வாராவாரம் மாறுவதால் இந்தக் கணக்கும் நிலையாக இருக்காது.

இருக்கிற எஞ்சினில் டர்போ கிட்

அதிகம் விற்பதும் அதிகம் உடைவதும் இதுதான். கிட் என்று பெட்டியில் வருவது டர்போ, மேனிஃபோல்ட், டவுன்பைப், குழாய்கள், புளோ-ஆஃப் வால்வு. எஞ்சினை உயிரோடு வைத்திருக்கும் பாகங்கள் பெட்டிக்கு வெளியே இருக்கின்றன. பட்டறை கொடுக்கும் விலைப் பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் பெட்ரோல். 150 குதிரைக்குக் குறிவைத்தால், டர்போ எஞ்சின் குதிரைக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று வைத்து, நான்கு இன்ஜெக்டரும் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்றால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சிசி தர வேண்டும். 110 குதிரைக்கு அளவெடுத்து வைத்த இன்ஜெக்டரால் இது முடியாது. முடியாதபோது கலவை மெலியும், மெலிந்த கலவை சூடேறும், நாக் வரும். பிரஷர் ரெகுலேட்டரை மாற்றி பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கும் பழைய தந்திரம் 0.3 பார் வரை ஓடும். அதற்கு மேல் பம்ப் மூச்சுத் திணறும்.

அடுத்து கணினி. டர்போ இல்லாத காடியின் மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வளிமண்டலம் வரைதான் அளக்கும். பூஸ்ட் வந்ததே அதற்குத் தெரியாது. 2.5 அல்லது 3 பார் சென்சாரும், அதைப் படிக்கும் ஸ்டாண்ட்அலோன் இசியூவும் (அசலுக்குப் பதிலாக வைக்கும் தனி எஞ்சின் கணினி) வேண்டும். பிக்கிபேக் பெட்டி, அசல் கணினிக்கு வரும் சிக்னலைத் திரித்துக் காரியம் சாதிப்பது. குறைந்த பூஸ்டில் ஓடும் என்றாலும் அசல் கணினி தன் திருத்தங்களால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். முழு மிதியில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் நிற்க வேண்டும். டைமிங், தொடக்கப் புள்ளியாக, ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் ஒரு டிகிரி பின்னால். பிறகு டைனோவில் (காடியை ஓடவிட்டுத் திறனை அளக்கும் இயந்திரம்) நாக் கேட்டுக்கொண்டே திருத்த வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்தது, அதாவது என்ஜிகேயில் 5 இருந்தால் 6. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பழைய 1.1 மி.மீ.யில் விட்டால் பூஸ்டில் தீப்பொறி அணைந்து காடி திக்கும். அதைப் பார்த்துவிட்டு காயிலை மாற்றச் சொல்வார்கள்.

ஆயில் திரும்பும் குழாய்தான் இதில் அதிகம் கவனிக்கப்படாதது. டர்போவிலிருந்து ஆயில் அழுத்தத்தால் அல்ல, புவியீர்ப்பால் இறங்குகிறது. குழாய் உள்விட்டம் 16 மி.மீ. அளவு வேண்டும். எங்கும் மேலேறாமல், வளைந்து தேங்காமல், ஆயில் பானில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இதில் தவறினால் புதுடர்போவே நீலப்புகை விடும். சீல் போச்சு என்று இரண்டாவது டர்போ வாங்கி, அதுவும் புகை விட்ட பிறகுதான் குழாயைப் பார்ப்பார்கள். பிசிவி (எஞ்சினின் அடிப்பாகத்தில் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் புகுந்து, டிப்ஸ்டிக்கைத் தள்ளி ஆயிலைப் பீய்ச்சும்.

இவ்வளவும் செய்தாலும் பிஸ்டன் பழையதுதான். டர்போ இல்லாத எஞ்சினின் வார்ப்புப் பிஸ்டனில் ரிங் உட்காரும் திட்டு மெலிது. நாக்கின் அடி முதலில் அங்கேதான் விழும். ரிங் இடைவெளியும் பத்தாது. 76 மி.மீ. போருக்கு அசலில் 0.30 மி.மீ. அளவு இருக்கும். டர்போவுக்கு 0.40 முதல் 0.45 வேண்டும். சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் திட்டு பெயர்ந்து வரும். அதனால்தான் ஜாமில் சரியாக ஓடுகிற டர்போ கிட் காடிகள் காராக் ஏற்றத்திலோ, கெந்திங் மலைச்சாலையிலோ உடைந்துபோகின்றன. நகரத்தில் பூஸ்ட் மூன்று நொடி வந்து போகும். கெந்திங்கில் நிமிடக் கணக்கில் முழுச்சுமை. கனெக்டிங் ராடுக்கு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) எதிரி உச்சத் திறன் அல்ல, அடிச்சுற்றில் வரும் டார்க் (சுழற்றும் விசை). 2000 சுற்றில் பூஸ்ட் முழுதும் வரும்படி சின்ன டர்போவைப் போட்டு ஐந்தாவது கியரில் மிதிப்பவர் ராடை வளைக்கிறார்.

ஆகவே எங்கள் வரம்பு: விகிதம் 10 வரை, எஞ்சின் சோதனையில் தேறியது, பூஸ்ட் 0.4 முதல் 0.5 பார், இன்டர்கூலரோடு, ரோன்97-இல் டியூன் செய்தது. பூஸ்டை வேஸ்ட்கேட் (மிஞ்சும் எக்ஸாஸ்டை டர்போவைத் தாண்டி வெளியே விடும் கதவு) ஸ்பிரிங்கே தீர்மானிக்கட்டும். கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலரைப் பூட்டிக்கொண்டால் ஒரு நாள் திருகத்தான் தோன்றும். விகிதம் 11-க்கு மேல் உள்ள புது எஞ்சின்களில் கிட் வேண்டாம். சிவிடி (பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும்) கியர்பாக்ஸோடு வந்த காடியிலும் வேண்டாம், பெல்ட்டுக்கு டார்க் வரம்பு உண்டு.

தடித்த கேஸ்கெட் என்னும் குறுக்குவழி

விகிதம் கூடுதலா இருக்கா, தடித்த கேஸ்கெட் போடு, டீகம்ப்ரஷன் பிளேட் போடு என்பார்கள். கேம்ப்ரோவை 10-லிருந்து 8.9-க்கு இறக்க 6.2 சிசி சேர்க்க வேண்டும். கேஸ்கெட்டில் அது ஏறத்தாழ 1.35 மி.மீ. கூடுதல் தடிமன். எண் சரியாக வரும். ஆனால் பிஸ்டனின் ஓரமும் ஹெட்டின் தட்டைப் பகுதியும் நெருங்கி, ஓரத்துக் கலவையைப் பிழிந்து நடுவுக்குத் தள்ளும் இடைவெளி ஒன்று இருக்கிறது. அது 1 மி.மீ. சுற்றி இருந்தால் கலவை சுழன்று வேகமாக எரியும், ஓரத்தில் வெடிக்க எதுவும் மிஞ்சாது. அதை 2.3 மி.மீ. ஆக்கினால் பிழிவு செத்துவிடும். ஓரத்தில் கலவை தேங்கி நிற்கும். குறைந்த விகிதம், கூடுதல் நாக் என்ற விசித்திரம் இப்படித்தான் வருகிறது. விகிதத்தை இறக்குவதென்றால் பள்ளமுள்ள ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டு, ஓர இடைவெளியை அப்படியே விட்டு இறக்க வேண்டும். கூடவே ராடும் மாறும். அந்தச் செலவுக்கு முழு ஹாஃப்கட்டே வந்துவிடுமா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹாஃப்கட்

மைவி 1.3-இன் கே3-விஇ எஞ்சினுக்கு டர்போத் தம்பி கே3-விஇடி. அதே 1298 சிசி, விகிதம் 8.5, 140 குதிரை. வீரா, சத்ரியாக்காரர்களுக்கு மிட்சுபிஷியின் 4ஜி93 டர்போ, 1834 சிசி, 195 குதிரை. இவற்றில் பிஸ்டன், ரிங் இடைவெளி, ஆயில் பீய்ச்சல், வால்வு, இன்ஜெக்டர், கணினி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தொழிற்சாலையே யோசித்து வைத்தது. கிட்டில் நீங்கள் தனித்தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் அறிவு இதில் இலவசமாக வருகிறது. பூஸ்ட் வராதபோது 8.5 விகிதத்தின் மந்தம் தெரியும், 10-ஐவிட நாலரை சதவீதம் திறன் குறைவு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறை, வயது. இந்த எஞ்சின்கள் இளமை தாண்டியவை. கிள்ளான் பக்கமோ புக்கிட் மெர்தாஜம் பக்கமோ யார்டில் கிடக்கும் எஞ்சினைத் தள்ளுவண்டியில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கக் கூடாது. ஆயில் மூடியைத் திறந்து கறுப்புப் பிசின் படிந்திருக்கிறதா பாருங்கள். டர்போவின் இன்லெட்டில் விரலை விட்டு தண்டை அசையுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் கூண்டில் உரசினாலோ டர்போ முடிந்தது. வயரிங் வெட்டப்படாமல், அதே எஞ்சினின் இசியூ கூடவே இருக்க வேண்டும். வயர் வெட்டிய ஹாஃப்கட் மலிவாகத்தான் கிடைக்கும், மிச்சப்படுத்திய காசை வயர்மேன் வாங்கிக்கொள்வார். ஏற்றுவதற்கு முன்பே டைமிங் பெல்ட் அல்லது செயின் டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் இரு பக்க ஆயில் சீல், கிளட்ச் எல்லாம் புதிது. எஞ்சின் தரையில் இருக்கும்போது இவை ஒரு மாலை வேலை. ரேடியேட்டரும் பிரேக்கும் பழைய எஞ்சினுக்கு அளவெடுத்தவை என்பதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான் டர்போக்கள் அந்நாட்டுப் பிரீமியம் பெட்ரோலுக்கு டியூன் செய்யப்பட்டவை. இங்கே ரோன்97 குறைந்தபட்சம், ரோன்100 கிடைக்கும் நிலையம் வழியில் இருந்தால் இன்னும் நல்லது. மானிய ரோன்95-ஐ நம்பி ஹாஃப்கட் வாங்குவது கணக்குப் பிழை.

நான்காவது வழி

சிஎஃப்இ எஞ்சினுள்ள சுப்ரிமா, ப்ரேவே, அல்லது அத்திவா, எக்ஸ்50, சிவிக் டர்போ. கிரானில் (காடியின் உரிமைப் பத்திரம்) கைவைக்க வேண்டியதில்லை. சிஎஃப்இ என்றால் ஆயில் கூலர் ஹோஸைப் பார்த்து வாங்குங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் கலந்திருந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான். ரீமேப் செய்யும் ஆசை வந்தால், சிவிடி காடியில் டார்க்கைக் கூட்ட வேண்டாம். இதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். சுவாரசியம் குறைந்த வழி, ஆனால் பட்டறையில் காடி மாதக் கணக்கில் நிற்காத வழி.

காசு கொடுக்கும் முன் சோதனை

எந்த வழியானாலும் இருக்கிற எஞ்சினை, அல்லது வாங்கப்போகும் எஞ்சினை அளந்த பிறகே பேச்சு. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கும் வெளியே, இன்ஜெக்டர் ஃபியூஸும் காயில் இணைப்பும் கழற்றி, பேட்டரி முழுச் சார்ஜில், ஆக்ஸிலரேட்டர் முழுதும் மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு அடி சுற்ற வேண்டும். மிதிக்காமல் அளந்தால் எல்லாமே குறைத்துக் காட்டும். நல்ல எஞ்சினையும் கழித்துவிடுவீர்கள். விகிதம் 10 உள்ள எஞ்சினில் 170-க்கு மேல், 8.5 டர்போவில் 130-க்கு மேல் பிஎஸ்ஐ எதிர்பார்க்கலாம். எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

லீக்-டவுன் கருவி வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் அதையும் செய்யுங்கள். 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்து 10 சதவீதத்துக்குள் கசிந்தால் டர்போவுக்குத் தகுதி. 20-ஐத் தாண்டினால் ஓவர்ஹாலுக்குத்தான் தகுதி. காற்று எங்கே சீறுகிறது என்று காதை வைத்துக் கேட்டாலே நோய் தெரியும். ஆயில் மூடியில் என்றால் ரிங், த்ராட்டிலில் என்றால் இன்டேக் வால்வு, எக்ஸாஸ்டில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி என்றால் கேஸ்கெட்.

கிரான், ரோட்டேக்ஸ், டைனோ

எஞ்சினை மாற்றினால் கிரானில் உள்ள எஞ்சின் எண் பொருந்தாது. சோதனைக்குக் காடியைக் காட்டி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) புது எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீதும், இறக்குமதி வரித்தாளான கே1-உம் கேட்கப்படும். யார்டில் காசு கொடுக்கும் போதே இரண்டையும் வாங்கிவிடுங்கள். பதியாமல் ஓட்டினால் சம்மனைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கைவிரிப்பது. டர்போ கிட்டில் எஞ்சின் எண் மாறாது என்பதால் அனுமதி தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கிட் பூட்டும் முன்பே ஜேபிஜேயிலும் இன்சூரன்ஸிலும் கேட்டு, எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தீபகற்பத்தில் ரோட்டேக்ஸ் சிசிப்படி. மைவியில் கே3-விஇடி ஏற்றினால் அதே 70 வெள்ளி. வீரா 1.5-இல் 4ஜி93 டர்போ ஏற்றினால் 90 வெள்ளி 297 வெள்ளி ஆகும். 1800-ஐத் தாண்டியதற்கு 280, மேற்கொண்டு 34 சிசிக்கு 17.

கடைசியாக டைனோ. பட்டறை நீட்டும் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது உச்சத் திறன். நீங்கள் கேட்க வேண்டியது அதே ஓட்டத்தின் காற்று-பெட்ரோல் விகிதம், பூஸ்ட், இன்டேக் காற்றின் சூடு ஆகிய மூன்றின் கோடுகளை. முதல் ஓட்டத்தில் மட்டும் அல்லாமல், இடைவெளி விடாமல் எடுத்த மூன்றாவது, நான்காவது ஓட்டத்திலும் கேளுங்கள். விகிதம் 12-ஐத் தாண்டி மெலிகிறதா, பூஸ்ட் உச்சச் சுற்றில் தானே ஏறுகிறதா, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சூடு எத்தனை டிகிரி கூடுகிறது என்று பாருங்கள். மூன்றும் அசையாமல் நின்றால் பட்டறைக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கலாம். நிற்காவிட்டால் காடியை அங்கேயே விட்டுவிட்டு கிராப் டாக்சி பிடித்து வீடு போங்கள்.